ஹேண்டில் பார் ஒடிந்து விழுந்த வண்டி: ஃபோர்க்கை நிமிர்த்துவதா, மாற்றுவதா?

காற்றெதிர்:
வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது லக் (குழாய்கள் சேரும் இடத்து உறை) வைத்துப் பற்றவைத்த பழைய ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிள். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. 1 அங்குல மரை ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்), முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் இறங்கி ஆப்பு வைத்து நிற்கும் பழைய மாடல் ஸ்டெம், அது பிடித்திருக்கும் வளைந்த அலுமினிய ஹேண்டில் பார். சமதரையில் வேகம் எடுக்க எழுந்து நின்று மிதித்தேன். பாரின் வலது பாதி, ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் ஓரத்தில் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அடுத்த நொடி முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதியது. காறை எலும்பு முறிவு, நன்றாகக் கூடிவருகிறது. ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

வண்டியின் நிலை: முன்சக்கரம் எட்டுப் போட்டுவிட்டது. ஃபோர்க் பின்னால் போய், சக்கரம் கிட்டத்தட்ட கீழ்க்குழாயைத் தொடுகிறது. கீழ் லக்கின் ஓரத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறது. ஸ்டெம் ஃபோர்க்குக்குள்ளேயே இறுகி, அசைய மறுக்கிறது. மற்றதெல்லாம் பார்வைக்குச் சரி. படங்கள் போட்டிருக்கிறேன்.

இந்த ஃப்ரேம் என் உடம்புக்கு அளவெடுத்தது மாதிரி. விட மனசில்லை. ஆனால் மனசுக்காக மறுபடி விழவும் தயாரில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழுப்பு ரிம்:
முதலில் உடம்பைப் பாருங்கள் நண்பா, வண்டி எங்கும் போகாது. அப்புறம், அன்று போட்டிருந்த ஹெல்மெட்டை வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியைத்தான் தாங்கும், நசுங்கியது திரும்ப எழும்பாது.

சோதனைக்கூடம்:
எல்லோரும் ஃபோர்க்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒடிந்த பாரைப் பத்திரமாக வையுங்கள். ஒடிந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள். எதனால் ஒடிந்தது என்பது அந்த முகத்தில்தான் இருக்கிறது. காரணம் தெரியாமல் வண்டியைத் திரும்பக் கட்டினால் அதே காரணத்தையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

உங்கள் மூன்றாவது படத்தில் தெரிவது இதுதான். குழாயின் அடிப்பக்கம் மங்கலாக, கிட்டத்தட்ட கறுப்பாக, வழவழவென்று இருக்கிறது. அதில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். மேல்பக்கம் மட்டும் பளபளவென்று, சொரசொரப்பாக இருக்கிறது. மங்கலான பகுதி பழைய விரிசல். ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, வியர்வையும் அழுக்கும் உள்ளே போய்க் கறுத்த இடம். பளபளப்பானது கடைசி நொடியில் பிய்ந்த பகுதி. பாதிக்கு மேல் கறுத்திருக்கிறது. அன்றைக்கு நீங்கள் கொடுத்த வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கடைசிச் சொட்டு வலுவில் ஓடிக்கொண்டிருந்த பார் அது.

இதை உலோகச் சோர்வு என்பார்கள். 1842-இல் வெர்சாய் அருகே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு ஒடிந்து பெரும் விபத்து நடந்தது. அதன் பிறகுதான் நல்ல இரும்பு ஏன் திடீரென்று ஒடிகிறது என்று பலர் தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் ரயில் அச்சுகளை வருடக்கணக்கில் வளைத்து வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவைப்படும் சுமையைவிட எவ்வளவோ குறைந்த சுமை, திரும்பத் திரும்ப வந்தாலே உடைத்துவிடும் என்று காட்டினார். ஸ்டீலுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, சுமை அதற்குள் இருந்தால் ஏறத்தாழ எவ்வளவு காலமும் ஓடும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சிறிய சுமைகூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அலுமினிய பாரும் ஸ்டெமும் மாற்றப்பட வேண்டிய சாமான்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். வெர்னியர் வைத்து பாரின் நடு விட்டத்தையும், ஸ்டெம் வாயின் உள்விட்டத்தையும் அளந்து சொல்லுங்கள்.

காற்றெதிர்:
அளந்தேன். பார் 25.4 மி.மீ. ஸ்டெமின் அடியில் 26.0 என்று பொறித்தே இருக்கிறது, அளவும் அதுதான். வாங்கும்போதே இந்த ஜோடிதான் இருந்தது. டேப்பை உரித்தபோது அடியில் வெள்ளையாகப் பொடி பூத்து, அலுமினியம் அங்கங்கே குழி விழுந்திருந்தது.

சோதனைக்கூடம்:
அப்படியென்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். 0.6 மி.மீ. வித்தியாசம் கேட்பதற்குச் சின்னது. போல்ட்டை இறுக்கினால் பார் ஆடாது, பொருந்திவிட்டது போலத்தான் இருக்கும். உண்மையில் ஸ்டெம் பாரைச் சுற்றிலும் பிடிக்காமல் ஓரிரு இடத்தில் மட்டும் கடித்துக்கொண்டு நிற்கிறது. மொத்தச் சுமையும் ஓரத்துக்கு வருகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத உரசல், உரசலில் கீறல், கீறலில் விரிசல். வியர்வை உப்பு மீதியைப் பார்த்துக்கொண்டது.

ஸ்டெமையும் சேர்த்துக் கழியுங்கள். அளவு குறைந்த பாரைப் பிடிக்க இறுக்கி இறுக்கி அதன் வாயும் கோணியிருக்கும்.

சும்மா வந்தவன்:
இவ்வளவு யோசிப்பதற்கு ஒரு புது வண்டி வாங்கிவிடலாமே? டிஸ்க் பிரேக், அகல டயர், எல்லாம் வந்துவிட்டது. பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுவானேன்.

பழுப்பு ரிம்:
அவர் கேட்டது "எங்கிருந்து ஆரம்பிப்பது" என்று.

குண்டும் கோனும்:
தம்பி, நான் சைக்கிள் வேலையிலேயே தலை நரைத்தவன். ஃப்ரேமைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன், நிதானமாகச் செய்யுங்கள்.

முன்னால் மோதிய வண்டியில் முதலில் தடவிப் பார்க்க வேண்டிய இடம் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், ஹெட் குழாயிலிருந்து (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) நாலு விரல் தள்ளி. அடுத்தது மேல்குழாயின் அடிப்பக்கம், அதே தூரத்தில். லக் முடிந்து குழாய் மெலியத் தொடங்கும் இடம் அதுதான், மடிந்தால் அங்கேதான் மடியும். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் நீளவாக்கில் தடவுங்கள். மேடு இருந்தால் விரல் சொல்லிவிடும். அப்புறம் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குழாய்மேல் நீளவாக்கில் வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் மடிப்பு இருக்கிறது.

பெயிண்ட் வெடித்ததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பெயிண்ட் இரும்பைப் போல வளையாது, சும்மா அதிர்ந்தாலே வெடிக்கும். ஆனால் அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, இரும்பில் முடி மாதிரிக் கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது நூல் சோதனை. பின் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு உட்காரும் பள்ளம்) நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க டிராப்அவுட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று இரண்டு பக்கமும் அளங்கள். ஒரு மி.மீ. முன்னே பின்னே இருந்தால் கவலை இல்லை, பல வண்டிகள் புதிதாக வரும்போதே அப்படித்தான் வரும்.

ஃபோர்க் ஸ்டீல்தானே? நிமிர்த்திவிடலாம். எத்தனையோ நிமிர்த்தியிருக்கிறேன், ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

ஆரம் 622:
ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் இதை ஏற்க முடியவில்லை. வண்டியில் ஒடிந்தால் பிழைக்க வாய்ப்பே தராத சாமான் ஃபோர்க். ஒரு முறை ஒடிந்து விழுந்தவரிடம் நிமிர்த்திய ஃபோர்க்கைக் கொடுத்து ஓட்டச் சொல்வதா? "திரும்பி வந்ததில்லை" என்பது சாட்சியும் இல்லை. ஒடிந்தவர்கள் உங்களிடம்தான் திரும்பி வருவார்கள் என்று என்ன உறுதி?

இன்னொன்று. நூல் சோதனை பின்முக்கோணம் பக்கவாட்டில் விலகியிருக்கிறதா என்றுதான் சொல்லும். ஹெட் குழாய் நேராகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் நூலுக்குத் தெரியவே தெரியாது. இவருக்கு நடந்தது நேர் மோதல்.

குண்டும் கோனும்:
அதற்குத்தான் முதலில் தடவிப் பார்க்கச் சொன்னேன். நூலை இரண்டாவதாகத்தானே எழுதியிருக்கிறேன்.

நிமிர்த்தும் விஷயத்தில் தம்பி சொல்வதில் பாதி சரி. எங்கே வளைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கால்கள் மட்டும் வளைந்திருந்தால் பச்சையாகவே, சூடு காட்டாமல், நிமிர்த்தலாம். ஸ்டீல் ஒரு தடவை வளைந்து ஒரு தடவை நிமிர்வதைத் தாங்கும். தொழிற்சாலையில் கால்களுக்கு அந்த வளைவையே அப்படித்தானே கொடுக்கிறார்கள். ஆனால் கால்கள் இரண்டும் சேரும் கிரவுனுக்கு மேலே இருக்கும் தண்டுக்குழாய் வளைந்திருந்தால் நானே தொடமாட்டேன். பிரேக் பிடிக்கும்போது மொத்தப் பளுவும் விழும் இடம் அது. ஹெட்டுக்குள் ஒளிந்திருப்பதால் விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது.

கழற்றிப் பார்க்காமல் நாம் இங்கே அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஃபோர்க்கைக் கழற்றுங்கள்.

காற்றெதிர்:
கழற்ற விடாமல் தடுப்பதே அந்த ஸ்டெம்தான். போல்ட்டைத் தளர்த்திவிட்டேன், அசையவில்லை. சூடு காட்டினால் கழன்றுவிடும் என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

சோதனைக்கூடம்:
காட்டாதீர்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உங்களுக்கு உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே இருப்பது ஸ்டீல். சூடு காட்டினால் இன்னும் இறுகும். குளிர்வித்தால் பலன் உண்டு. இதையே தலைகீழாக்கி, ஸ்டீல் உள்ளே மாட்டியிருந்தால் சூடு வேலை செய்யும்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலை விட்டுவிடும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். கூடவே ஹைட்ரஜன் வாயு வரும், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

குண்டும் கோனும்:
போல்ட்டை முழுதாகக் கழற்றவே வேண்டாம். மூன்று நாலு சுற்று தளர்த்திவிட்டு, போல்ட்டின் தலைமேல் மரச்சுத்தியலால் ஒரே போடு போடுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு கீழே இறங்கும். இறங்கியும் வராவிட்டால் வண்டியைக் கவிழ்த்து, ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். அப்புறம் முன்சக்கரத்தைக் காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு பாரைத் திருகுவோம். உங்களுக்குச் சக்கரமும் இல்லை, பாரும் இல்லை. ஆகவே கிரவுனை மரக்கட்டை வைத்து வைஸில் பிடித்து, ஸ்டெம் வாயில் பழைய பார்த் துண்டைச் செருகித் திருகுங்கள். வேறு ஒருவரைத் திருகச் சொல்லுங்கள்.

காற்றெதிர்:
நண்பன் ஒருவன் வந்தான். எண்ணெயில் ஊறிய பிறகு பெரிய சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது.

குழாய்களில் மடிப்பு இல்லை. நானும் தடவினேன், அவனும் தடவினான், ஸ்கேல் வைத்தும் பார்த்தோம். பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் இரும்பு சுத்தமாக இருக்கிறது. நூலில் ஒரு மி.மீ.க்கும் குறைவான வித்தியாசம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஹெட் குழாயும் சீட் குழாயும் முன்பு எடுத்த படத்தில் இருந்த அதே சாய்வில்தான் தெரிகின்றன.

ஃபோர்க்கில் ஆரம் 622 ஜெயித்துவிட்டார். கால்களும் கொஞ்சம் போயிருக்கின்றன, ஆனால் தண்டுக்குழாய் கிரவுனுக்குச் சற்று மேலே நன்றாகவே வளைந்திருக்கிறது.

குண்டும் கோனும்:
அப்போ குப்பைக்குத்தான். யாரும் எடுத்து நிமிர்த்தி விற்றுவிடாதபடி ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள்.

ஆரம் 622:
ஜெயித்தது நான் இல்லை, குழாய்கள் தடிமனாக இருந்ததால் ஃப்ரேம் தப்பித்தது என்று நினைக்கிறேன். குழாய் மெலிதாக இருக்கும் வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

மாற்று ஃபோர்க் தேடும்போது "1 அங்குல மரை ஃபோர்க்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். தண்டுக்குழாயின் நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் வெட்டலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மரை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்டெமின் ஆப்பு மரை உள்ள பகுதிக்குள் நின்று இறுகினால் குழாய் அங்கேயே வெடிக்கலாம், மரையைத் தாண்டிக் கீழே நிற்க வேண்டும். அச்சிலிருந்து கிரவுன் வரையிலான உயரமும் முன்வளைவும் பழையதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஃபோர்க் உயரமானால் ஹெட் சாயும். முன்வளைவு கூடினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், குறைந்தால் கனக்கும். உங்களுக்குப் பிடித்தது அந்த ஃப்ரேம் மட்டும் இல்லை, அது திரும்பும் விதமும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

நிறைய பேர் மாட்டிக்கொள்வது கிரவுனில் உட்காரும் கோன் வளையத்தில். 1 அங்குலத்திலேயே 26.4 மி.மீ. அளவும் உண்டு, 27.0 அளவும் உண்டு. 26.4 வளையத்தை 27.0 இருக்கையில் அடித்து இறக்கினால் வளையம் வெடிக்கும். மாறிப் போட்டால் சும்மா ஆடும். அளந்துவிட்டு வாங்குங்கள்.

காற்றெதிர்:
நன்றி. இதைப் படிக்காமல் இருந்திருந்தால் நிச்சயம் மாட்டியிருப்பேன்.

சக்கரத்தையும் கேட்டுவிடுகிறேன். பழைய ரிம் 27 அங்குலம். ஹப்பில் அடி இல்லை, கோனும் குண்டும் சுத்தமாகச் சுற்றுகின்றன. அதே அளவு ரிம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. 700 போடலாமா?

பழுப்பு ரிம்:
தாராளமாக. 27 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700 என்று விற்பது 622. ஆரத்தில் 4 மி.மீ. குறைகிறது, அவ்வளவுதான். பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் கட்டையைத் தளர்த்தி, பள்ளத்தில் இன்னும் இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் நீளக் கையுள்ள பிரேக் வாங்க வேண்டும். பின்சக்கரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் இரண்டுக்கும் ஒரே டியூப். ஹப் 36 ஓட்டை என்றால் ரிம்மும் 36. பழைய கம்பிகளை எடுத்துக் கோக்க நினைக்காதீர்கள். ரிம் மாறும்போது நீளமும் மாறும், எட்டுப் போட்ட சக்கரத்தின் கம்பிகள் இழுபட்டும் இருக்கும்.

கோட்டம் எடுப்பதை மட்டும் கை சரியாகும்வரை யாரிடமாவது கொடுங்கள்.

நாலாவது கியர்:
அப்படியே பின் டிராப்அவுட் இடைவெளி 126 மி.மீ. இருந்தால் 130 ஆக விரித்து, கியரையும் கூட்டிவிடுங்கள் சார். ஸ்டீல்தானே, பக்கத்துக்கு 2 மி.மீ. தாராளமாகப் போகும்.

ஆரம் 622:
போகும், ஸ்டீலில் பலரும் செய்கிறார்கள், அலுமினிய ஃப்ரேமில் கனவிலும் செய்யக்கூடாது. ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். விபத்தில் அடிபட்டதைச் சரிசெய்வது ஒரு வேலை, வண்டியை மேம்படுத்துவது இன்னொரு வேலை. இரண்டையும் கலந்தால் வண்டி பாதி கழன்ற நிலையில் சுவரோரம் நிற்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை வண்டிகள் எல்லாமே "அப்படியே இதையும் மாற்றிவிடலாம்" என்ற இடத்தில் நின்றுபோனவைதான்.

சோதனைக்கூடம்:
மேம்படுத்துவதற்குப் பதிலாக, விழுந்ததில் அடி வாங்கியிருக்கக்கூடிய மற்ற சாமான்களைப் பாருங்கள். எந்தப் பக்கம் விழுந்தீர்கள்? வலது என்றால் பின் டிரெய்லியர் (செயினைக் கியர் மாற்றும் சாமான்) மாட்டும் காது உள்ளே மடிந்திருக்கும். கண்ணுக்குச் சரியாக இருந்தாலும் முதல் கியரில் செயின் கம்பிக்குள் போய்விடும். பெடல் தண்டு, கிராங்க்கின் பெடல் கண், சீட்டுக் கம்பி இவற்றை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அலுமினிய கிராங்க்கில் பெடல் மரையைச் சுற்றி விரிசல் ஆரம்பிப்பது வழக்கமான கதை. பாரின் வயதே மற்ற அலுமினியச் சாமான்களுக்கும் ஆகியிருக்கும்.

காற்றெதிர்:
வலது பக்கம்தான். காது மடிந்திருந்தது, அளவுக்கம்பி வைத்து நேராக்கியாயிற்று. கிராங்க் சுத்தம்.

நிலவரம்: ஃபோர்க் கிடைத்தது, கிரவுன் அளவு 26.4, அதற்கான ஹெட்செட்டும் போட்டாகிவிட்டது. ரிம் இரண்டும் 700. புது ஸ்டெம், புது பார், இரண்டிலும் 26.0 என்று பொறித்திருக்கிறது, நானும் அளந்தேன். குழாய்களுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடித்துவிட்டேன். ஃபோர்க் மட்டும் கறுப்பு, ஃப்ரேம் பழைய நீலம். பார்க்க ஒட்டவில்லை, இருக்கட்டும்.

காறை எலும்புக்கு டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு ஓட்டினேன். கையை விட்டால் நேராகப் போகிறது. திருப்பம் முன்பைவிடக் கொஞ்சம் கனம், முன்வளைவு சில மி.மீ. குறைவு என்பதால் இருக்கும். பழகிவிட்டது. எழுந்து நின்று மிதிக்கத்தான் இன்னும் தயக்கம்.

குண்டும் கோனும்:
சந்தோஷம் தம்பி. புதுக் கம்பிகள் உட்காரும்வரை சக்கரம் கொஞ்சம் தளரும். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி கோட்டம் பாருங்கள். ஹெட்செட்டும் அப்படித்தான், முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று கேட்கக்கூடாது. ஸ்டெம்மில் அளவுக்கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே இறக்கியிருக்கிறீர்களா?

காற்றெதிர்:
கோடு உள்ளேதான். ஸ்டெம் தண்டுக்குச் சுற்றிலும் கிரீஸும் தடவியிருக்கிறேன்.

மழைச்சாலை:
இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எனக்கும் செகண்ட் ஹாண்ட் வண்டிதான், கொஞ்ச நாளாக ஹேண்டில் பக்கம் கிரீச் என்று சத்தம். வெர்னியர் இல்லை. ஜோடி சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சோதனைக்கூடம்:
ஸ்டெம் வாயின் இரண்டு உதடுகளைப் பாருங்கள், போல்ட் போகும் இடம். போல்ட் இறுகிய நிலையில் அவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பார் சின்னது. பாரின் நடுவிலும் ஸ்டெமின் அடியிலும் எண் பொறித்திருக்கிறதா என்றும் தேடுங்கள். சத்தத்துக்குக் காரணம் போல்ட்டில் கிரீஸ் இல்லாததாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் மோசமானதை விலக்கிவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும்.

மழைச்சாலை:
தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பாரில் 25.4, ஸ்டெமில் எண் இல்லை.

சோதனைக்கூடம்:
ஓட்டுவதை நிறுத்துங்கள். டேப்பை உரித்து, பாரை வெளியே எடுத்து, ஸ்டெம் பிடித்த இடத்தின் ஓரங்களைப் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும், அடிப்பக்கம் முக்கியம்.